அப்பாவின் இரண்டாம் மேல்முறையீடு ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் வருகிறது. நாங்கள் உள்ளே போய் உட்காரலாமா?

திருமயம்_பையன்

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், கோர்ட் வாசலில் அலைந்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எங்களுடையது வண்டிப்பாதை வழக்கு. தாத்தா காலத்தில் மாட்டுவண்டி போய், அப்புறம் டிராக்டர் போன பாதை. பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கல் ஊன்றி முள்கம்பி இழுத்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் எங்களுக்கு ஜெயம். அவர்கள் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள், அங்கே தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. இப்போது அப்பா பெயரில் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு போட்டிருக்கிறோம். நம்பர் ஆகிவிட்டது, அட்மிஷனுக்கு, அதாவது விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்க, லிஸ்டில் வரும் என்று வக்கீல் வாட்ஸ்ஆப்பில் செய்தி போட்டார்.

அப்பாவுக்கு 74 வயது. நேரில் போய்க் கேட்டே ஆகவேண்டும் என்கிறார். முன்சீப் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொன்ன மனுஷன், அதனால் மதுரையிலும் ஜட்ஜ் கூப்பிட்டுக் கேட்பார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். கோர்ட் நியமித்த கமிஷனர் அளக்க வந்தபோது பாதை முனையில் நிற்கிற பனைமரத்தைப் பிளானில் விட்டுவிட்டாராம். அதைச் சொன்னால் கேஸ் முடிந்தது என்று ஒரே பிடி.

வக்கீலைக் கேட்டால், "நீங்க வரவேண்டியதே இல்ல, வந்தாலும் உள்ள விடமாட்டாங்க" என்கிறார். அது சரியா? கட்சிக்காரருக்கே அனுமதி இல்லையா? யூடியூபில் கோர்ட் விசாரணை பார்த்திருக்கிறேன், மதுரை கேஸையும் அப்படி வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா? பஸ்ஸில் அழைத்துப்போய், வாசலோடு திரும்பி வந்தால் மனசு விட்டுப்போவார். அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

பழைய_குமாஸ்தா

தம்பி, முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க, தாராளமா போகலாம். ஐகோர்ட்டு திறந்த கோர்ட்டுதான். கட்சிக்காரர் மட்டுமில்ல, சம்பந்தமே இல்லாதவரும் பின்னால உக்காந்து கேக்கலாம். நான் சிவில் பக்கம் குமாஸ்தாவா இருந்தவன். மதுரைக் கிளை 2004 ஜூலையில திறந்தப்போ கட்டு சுமந்து உள்ள போனதுல நானும் ஒருத்தன். உங்க வக்கீல் பொய் சொல்றார்னு சொல்லமாட்டேன். கட்சிக்காரர் வந்தா கேள்வி கேப்பார், வெளிய வந்ததும் "ஏன் அதைச் சொல்லல, இதைச் சொல்லல"ன்னு பிடிச்சுக்குவார். அந்தத் தொல்லைக்கு இது ஒரு சுருக்குவழி. அம்புட்டுதான்.

கேட்டுல சும்மா விடமாட்டாங்க, அது நிஜம். பாஸ் வாங்கணும். அசல் ஆதார் கார்டு எடுத்துக்கங்க, கேஸ் நம்பர், வருஷம், கோர்ட் ஹால் நம்பர், ஐட்டம் நம்பர் (அன்னிக்கு லிஸ்டுல உங்க கேஸோட வரிசை நம்பர்) எல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கங்க. வக்கீல் ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள் கூட இருந்தா வேலை சீக்கிரம் முடியும். பை, சாப்பாட்டு டப்பா எல்லாம் சோதனை போடுவாங்க. அரிவாள், பேனாக்கத்தின்னு இடுப்புல செருகிட்டு வர்ற பெருசுகளை நான் பாத்திருக்கேன், அப்பாகிட்ட வெத்தலைப்பெட்டிக் கத்தி இருந்தா வீட்டுலயே வச்சுட்டு வரச்சொல்லுங்க.

பஸ்ஸுக்கு: மேலூர் வழியா வர்ற வண்டின்னா மாட்டுத்தாவணி வரைக்கும் போகவேண்டாம், கோர்ட்டு அந்த ரோட்டு மேலதான் இருக்கு. வண்டி நிக்கலைன்னா ஒத்தக்கடையில இறங்கி ஷேர் ஆட்டோ பிடிங்க. பத்தரைக்கு கோர்ட்டு ஏறும், பத்து மணிக்குள்ள வாசல்ல இருங்க.

இப்ப அசல் விஷயம். உள்ள போய் என்ன பாக்கப்போறாருன்னு அப்பாவுக்கு முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. கூண்டு கிடையாது. சாட்சி கிடையாது. அப்பாவை யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒரே ஒரு ஜட்ஜ் மேடையில இருப்பார். முன்னால வக்கீல்மார், வரிசையா மேசை, மேசை பூரா கேஸ் கட்டு. ஐட்டம் நம்பர் சொல்லிக் கூப்பிட்டதும் உங்க வக்கீல் எந்திரிப்பார். ஜட்ஜ் கையில ரெண்டு கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பும் இருக்கும். பேச்சு பூரா இங்கிலீஷ், அதுலயும் பாதி பின்னால கேக்காது. அட்மிஷன்னா நாலு நிமிஷத்துலயும் முடியலாம், அரை மணி நேரமும் ஓடலாம். ஏன்னா அங்க கேள்வியே வேற: பாதை யாருதுன்னு இல்ல, இந்தக் கேஸ்ல ஐகோர்ட்டு பாக்கவேண்டிய சட்டக் கேள்வி ஏதாவது இருக்கான்னுதான். சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவு. 1976-ல திருத்தினதுக்கு அப்புறம் அந்த வாசல் ரொம்பக் குறுகிப்போச்சு. கேள்வி இருக்குன்னு ஜட்ஜுக்குப் பட்டா அதை எழுதி அட்மிட் பண்ணி, எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் போவும். இல்லைன்னா அங்கனயே தள்ளுபடி.

இன்னொண்ணு, இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். ஜட்ஜ் வாயைப் பாத்துத் தீர்ப்பை முடிவு பண்ணாதீங்க. தேவகோட்டைப் பக்கத்து அம்மா ஒருத்தங்க, பாகப்பிரிவினை கேஸ், மஞ்சப்பையில மூலப்பத்திரத்தைக் கட்டிக்கிட்டு ஹியரிங் தவறாம வருவாங்க. கடைசி வாதம் அன்னிக்கு ஜட்ஜ் எங்க சீனியரைப் போட்டு வறுத்தெடுத்தார். ஒவ்வொரு பாயிண்டுக்கும் குறுக்குக் கேள்வி. எதிர்ப்பக்க வக்கீலைப் பாத்துச் சிரிச்சு வேற பேசினார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா முகம் தெரியுமில்ல. வராண்டாவுல தூணைப் பிடிச்சுக்கிட்டு "தோத்துட்டமாய்யா?"ன்னு கேட்டாங்க. தீர்ப்பு ஒத்திவச்சிருந்துச்சு. பிறகு வந்தப்போ அப்பீல் அலவ்டு, ஜெயம். யார்கிட்ட ஜட்ஜுக்குச் சந்தேகம் இருக்கோ அவங்களைத்தான் குடைவார்னு நினைப்போம், ஆனா பல நேரம் அவர் ஏற்கெனவே உங்க பக்கம் சாய்ஞ்சிருப்பார், தீர்ப்பு எழுதும்போது ஓட்டை இருக்கக்கூடாதுன்னு தட்டிப்பாப்பார். நேர்மாறாவும் நடக்கும், சிரிச்ச முகமா தள்ளுபடி பண்ற ஜட்ஜும் உண்டு. கோர்ட்டுல காதுல விழுறது ஒண்ணு, ஆர்டர்ல எழுதுறது ஒண்ணு. கையெழுத்து ஆகி நகல் கைக்கு வர்றவரைக்கும் நல்லது கெட்டது எதையும் ஊருல சொல்லாதீங்க.

அதனால என் யோசனை, முடிஞ்சா உங்க கேஸ் வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு நாள் வந்து அதே மாதிரி ஹால்ல உக்காந்து ஊர்ப்பட்ட கேஸை வேடிக்கை பாத்துட்டுப் போகச் சொல்லுங்க அப்பாவை. மத்தவன் கேஸ்ல பதட்டம் இருக்காது, என்ன நடக்குதுன்னு புரியும்.

உங்க கேஸு பாதைக் கேஸுங்கிறதால ஒரு சங்கதி. சென்னை ஐகோர்ட்டுல வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா கேட்டையும் இழுத்துச் சாத்துற பழக்கம் இருக்கு. முழுசா 24 மணி நேரம், ஒரு ஈ காக்கா உள்ள போகமுடியாது. எதுக்குன்னா, ஜனங்க பாரிமுனைக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவுல கோர்ட்டு வளாகத்துக்குள்ள பூந்து குறுக்க போவாங்க. தொடர்ந்து போய்க்கிட்டே இருந்தா நாளைக்கு "இது எங்க பாதை"ன்னு உரிமை கேட்டுறக் கூடாதாம்! 1882 வசதியுரிமைச் சட்டத்துல 15-வது பிரிவு, 20 வருஷம் தடையில்லாம, உரிமையா அனுபவிச்சா பாதை உரிமை வந்துரும்னு சொல்லுது. ஐகோர்ட்டே பயந்து கேட்டைச் சாத்துற சட்டம் அது. உங்க அப்பாவோட கேஸும் அதே சட்டத்துலதான் நிக்குதுன்னு நினைக்கிறேன்.

கரூர்_தறி

குமாஸ்தா அண்ணே, நம்ம ஊர் எம்எல்ஏ தேர்தல் கேஸ் ஞாபகம் வருது. 2021 ஏப்ரல், வாக்கு எண்ணிக்கைக்கு முன்னாடி. சென்னையில ஜட்ஜ் வாய்மொழியா தேர்தல் கமிஷன் மேல கொலைக் கேஸே போடலாம்கிற மாதிரி பேசினார்னு டிவி பூரா ஓடுச்சே? ஆர்டர்ல அது ஒரு வரி கூட இல்லன்னாங்க. அப்ப கோர்ட்டுல கேட்டதை வெளிய சொல்லலாமா கூடாதா?

வழக்கறிஞர்_கயல்

சொல்லலாம். அதையே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. அந்த வழக்கு கரூர் வாக்கு எண்ணும் மையத்தில் கொரோனா ஏற்பாடுகள் பற்றியது, போட்டது அப்போதைய அமைச்சர் எம்.ஆர்.விஜயபாஸ்கர். தேர்தல் ஆணையம் டெல்லிக்குப் போய், அந்த வார்த்தைகளை நீக்குங்கள், வாய்மொழிக் கருத்துகளைப் பத்திரிகைகள் போடக்கூடாது என்று கேட்டது. 2021 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இரண்டையும் மறுத்தது. பேசியது ஆவணத்திலேயே ஏறவில்லை, ஏறாததை எப்படி நீக்குவது என்றது. அந்த வார்த்தைகள் கடுமையானவை, நீதிபதிகள் நிதானம் காக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆனால் திறந்த நீதிமன்றத்தில் நடக்கிற வாதத்தை, கேள்வியை, பதிலை செய்தியாக்குவதைத் தடுக்கமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக குமாஸ்தா ஐயா சொன்னது முழுக்கச் சரி: வாயில் வந்தது தீர்ப்பு இல்லை. ஆனால் அதைக் கேட்கிற உரிமை மக்களுக்கு உண்டு.

திருமயம் சகோதரருக்கு: உள்ளே விடமாட்டார்கள் என்பதற்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. சிவில் நடைமுறைச் சட்டம் 153-பி பிரிவு, இடம் கொள்ளும் அளவுக்குப் பொதுமக்கள் வரலாம் என்கிறது. அந்தப் பிரிவு மூல வழக்கு விசாரணையைப் பற்றிப் பேசினாலும், கொள்கை எல்லாக் கோர்ட்டுக்கும் ஒன்றுதான். 1966-லேயே மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, திறந்த விசாரணைதான் விதி, மூடிய அறை விதிவிலக்கு என்று சொல்லியாகிவிட்டது. விவாகரத்து, பாலியல் குற்றம், போக்சோ வழக்குகளில் கதவு சாத்துவது அந்த விதிவிலக்கில் வரும். வண்டிப்பாதைக்கு யாரும் கதவைச் சாத்தப்போவதில்லை.

ஆனால் மேலே போகப் போக ஒரு வேடிக்கை உண்டு. உச்ச நீதிமன்றத்தில் சீராய்வு மனு (தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லும் மனு) போட்டால், பெரும்பாலும் நீதிபதிகள் அறைக்குள்ளேயே காகிதத்தைச் சுற்றுக்கு விட்டு முடித்துவிடுவார்கள். வக்கீலும் கிடையாது, கட்சிக்காரரும் கிடையாது. தூக்குத்தண்டனைக்குக்கூட அப்படித்தான் இருந்தது. 2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில்தான், உயிர் போகிற விஷயத்தில் மட்டுமாவது திறந்த கோர்ட்டில் வாய்மொழி வாதம் கேட்கவேண்டும், அதற்கு அதிகபட்சம் அரை மணி நேரம் என்று தீர்ப்பு வந்தது. அரை மணி நேரம்! அதற்கும் ஒரு அரசியல் சாசன அமர்வு தேவைப்பட்டது.

யூடியூப் கேட்டீர்கள். ஸ்வப்னில் திரிபாதி வழக்கில் நேரலை செய்யலாம் என்று 2018 செப்டம்பர் 26-இல் தீர்ப்பு வந்தது. சொன்ன உச்ச நீதிமன்றமே அரசியல் சாசன அமர்வுகளை நேரலையில் காட்டத் தொடங்க 2022 செப்டம்பர் 27 ஆகிவிட்டது, முதல் நாளில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் இடஒதுக்கீட்டு வழக்கும் இருந்தது. அதற்கு முன்பே 2020-இல் குஜராத் உயர் நீதிமன்றம் யூடியூபுக்கு வந்துவிட்டது. கர்நாடகாவும் காட்டுகிறது. 2024-இல் அங்கே ஒரு நீதிபதி பேசிய துண்டு வீடியோ நாடு முழுக்கப் பரவி, உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரித்தது. அவர் வருத்தம் தெரிவித்ததும் முடித்துக்கொண்டார்கள், ஆனால் நேரலையை நிறுத்தச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அந்த நேரலை இருந்ததால்தான் அந்தப் பேச்சு வெளியே வந்தது. உங்கள் அட்மிஷன் மாதிரி அன்றாட வழக்குகளுக்கு யூடியூபை நம்பவேண்டாம். காணொளி வழி விசாரணை என்பது வேறு, அதில் வக்கீல் வீட்டிலிருந்து ஆஜராவார். அந்த இணைப்பில் நீங்கள் சேரலாமா என்பதை வக்கீலிடமே கேளுங்கள். எந்த வழியில் பார்த்தாலும் பதிவு செய்யாதீர்கள். அனுமதி இல்லாமல் ரெக்கார்ட் செய்வது சிக்கலில் விடும். நோட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

இனி அந்தப் பனைமரம். இரண்டாம் மேல்முறையீட்டில் மரம் இருந்ததா இல்லையா என்று புதிதாகத் தோண்டமாட்டார்கள், அது பொருண்மை, அதாவது சட்டம் பற்றியதல்ல, உண்மையில் என்ன இருந்தது என்பது பற்றிய கேள்வி. ஆனால் கமிஷனர் அறிக்கைக்கு முன்சீப் கோர்ட்டிலேயே நீங்கள் ஆட்சேபணை போட்டிருந்தால் கதை மாறும். முன்சீப் அதை ஏற்று, சப் கோர்ட் அதைத் தொடாமலே தீர்ப்பைப் புரட்டியிருந்தால், அங்கே சட்டக் கேள்வி பிறக்கலாம். கீழ்க்கோர்ட் தீர்ப்பை மாற்றுகிற முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காரணங்களை எடுத்துப் பரிசீலித்து, ஏன் ஏற்கவில்லை என்று எழுதவேண்டும். 2001-இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது, எங்களைப் போன்றவர்கள் தினமும் மேற்கோள் காட்டுவது. பழைய கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

திருமயம்_பையன்

நன்றி அக்கா, நன்றி ஐயா. கட்டைப் பிரித்தேன். முன்சீப் கோர்ட்டில் போட்ட ஆட்சேபணை மனு கிடைத்தது, தமிழில் இருக்கிறது. அதில் மரத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். முன்சீப் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு பத்தியே வருகிறது. சப் கோர்ட் தீர்ப்பை இரண்டு தடவை படித்தேன், ஆட்சேபணை என்ற பேச்சே இல்லை, "கமிஷனர் அறிக்கையின்படி" என்று மட்டும் வருகிறது. இதை வக்கீலிடம் எப்படிச் சொல்வது? எனக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறாயா என்று கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம். இன்னொன்று, பேச்சு இங்கிலீஷில்தான் என்றால் அப்பா உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? தமிழில் வாதாடவே முடியாதா?

வழக்கறிஞர்_கயல்

அரசியல் சாசனம் 348: உயர் நீதிமன்ற மொழி ஆங்கிலம். ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன்சம்மதத்தோடு வேறு மொழியையும் அனுமதிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களில் இந்தி அப்படித்தான் நுழைந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது, இன்னும் கிடைக்கவில்லை. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டு எங்கள் வக்கீல்களே பட்டினிப் போராட்டம் நடத்திப் பார்த்துவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, புரியாத மொழியில் பேசினால் அது பாதித் திறப்புதான் என்பது என் கருத்து. உங்கள் அப்பா முன்சீப் கோர்ட்டில் தமிழில் சாட்சி சொன்னார், அந்த வாக்குமூலம் இங்கே ஆங்கிலத்தில் டைப் ஆகித்தான் ஜட்ஜ் கைக்குப் போகும்.

பழைய_குமாஸ்தா

கயலம்மா சொன்னதுல இருந்தே பிடிச்சுக்கங்க தம்பி, உங்க கேள்விக்கு வழி அதுலதான் இருக்கு. வக்கீல்கிட்ட நேரா சட்டம் பேசாதீங்க. "சார், டைப்டு செட்ல கமிஷனர் ரிப்போர்ட்டு ஆட்சேபணை சேத்தாச்சுங்களா, மொழிபெயர்ப்பு வேணும்னா நான் செலவு பண்றேன்"னு கேளுங்க. டைப்டு செட்னா ஜட்ஜுக்குக் கொடுக்கிற டைப் அடிச்ச ஆவணக் கட்டு. கோபிக்க இடமே இல்ல. சேக்கலைன்னா அவரே திரும்பிப் பாப்பார், பாத்ததும் பாயிண்டு அவருக்கே தெரிஞ்சுரும். போன்ல கேட்டா "ஆச்சு ஆச்சு"ம்பாங்க. நேர்ல போய் குமாஸ்தா கையில நகலைக் கொடுத்து, செட்டைப் பிரிச்சு பக்க நம்பரோட காட்டச் சொல்லுங்க. அப்பீல் மெமோவுல சட்டக் கேள்விகள்னு தனியா எழுதியிருப்பாங்க, அதுல சப் கோர்ட்டு ஆட்சேபணையைப் பாக்காம விட்டதைப் பத்தி ஒரு கேள்வி இருக்கான்னும் பாத்துக்கங்க. இல்லைன்னா அட்மிஷனுக்கு முன்னாடியே சேக்க மனு போடலாம்.

அப்பா வர்றது வீண் இல்ல. வக்கீல் எத்தனை நிமிஷம் பேசினார், ஜட்ஜ் கட்டைத் திறந்து பாத்தாரா மூடியே வச்சிருந்தாரா, எதிர்ப்பக்கத்துல யாராவது கேவியட் (எங்களைக் கேக்காம உத்தரவு போடாதீங்கன்னு முன்கூட்டியே போடுற மனு) போட்டு எந்திரிச்சாங்களா, இதுக்கெல்லாம் இங்கிலீஷ் வேணாம். பக்கத்துல நீங்க உக்காந்து முடிஞ்சதை எழுதிக்கங்க. பேச்சு நடக்கும்போது காதுல மொழிபெயர்த்துச் சொல்லாதீங்க, கோர்ட்டு ஆள் வந்து எழுப்பிவிட்டுருவார். போனை ஆஃப் பண்ணிருங்க, சைலண்ட்ல போட்டாலும் பெருசுங்க போன்ல அலாரம் அடிச்சுரும்.

லிஸ்டு முந்தின நாள் சாயங்காலம் ஐகோர்ட்டு வெப்சைட்டுல வந்துரும். வக்கீல் பேரையோ கேஸ் நம்பரையோ போட்டுத் தேடுங்க. வரிசையில நூத்துச் சில்லறை நம்பர்னா அன்னிக்கு எடுப்பாங்கன்னு உறுதி சொல்லமுடியாது, அப்படிப்பட்ட நாள் அப்பாவைக் கூட்டி வராதீங்க. கூப்பிடும்போது வக்கீல் வேற ஹால்ல நின்னா "பாஸ் ஓவர்"னு சொல்லி வைப்பாங்க, அதுக்குப் பயந்து எந்திரிச்சு வந்துறாதீங்க, ஒரு சுத்து முடிஞ்சதும் திரும்ப எடுப்பாங்க. ஒண்ணரைக்கு எந்திரிச்சா ரெண்டேகாலுக்கு மறுபடி உக்காருவாங்க. அந்த இடைவேளையில அப்பாவுக்குச் சாப்பாடு முடிச்சுருங்க.